ஆராய்ச்சி மணி ஒலிக்கட்டும்

தேர்க்காலில் அகப்பட்டு ஒரு கன்று மாண்டது. அதன் தாய்ப்பசு அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்து நீதி கேட்டது. மன்னன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். மனுநீதிச் சோழனின் இவ்வரலாற்றை அறியாத தமிழர் இலர். பாண்டியன் அவையில் தன் ஊரின் பெருமை பேசப் புகுந்த கண்ணகி, புறாவின் பொருட்டுத் தன்னையே ஈந்த சிபியை அடுத்து இச்சோழனையே நினைவுகூர்ந்தாள். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெரியபுராணத்தில் இதனை விரித்துரைத்தார். இலங்கையின் மகாவமிசம் இதே நிகழ்ச்சியை எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அம்மன்னனுக்குச் சிலையும் உண்டு.

இக்கதையை நீதிக்கு எடுத்துக்காட்டாகவே நாம் வகுப்பறைகளில் பயிற்றுவிக்கிறோம். எனினும் ஊன்றி நோக்குவார்க்கு இஃது ஒரு சாலை விபத்தின் விசாரணையும் ஆகும். சேக்கிழார் காட்டும் அமைச்சன், கன்று தானாகவே இடையில் புகுந்து தேர்க்காலில் அகப்பட்டது என எடுத்துரைக்கிறான். இளவரசன் வேண்டுமென்று செய்ததன்று என்பது அவன் வாதம். நூல்களில் விதித்த கழுவாயைச் செய்து முடித்துவிடலாம் என்றும் வழி சொல்கிறான். மன்னன் இணங்கவில்லை. கழுவாய் அப்பசுவின் துயருக்கு மருந்தாகுமோ என்று கேட்கிறான். பிறன் ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் ஒரு முறை, தன் மகன் கொன்றால் வேறொரு முறையோ என்றும் கேட்கிறான். அவன் விதித்த தண்டனை இக்காலத்துக்கு ஏற்றதன்று. ஆயினும் அவன் கேட்ட கேள்விகள் இக்காலத்துக்கு மிகவும் வேண்டியவை. சாலையில் நேரும் ஒவ்வொரு சாவுக்கும் காரணம் உண்டு, காரணத்துக்கு உரியவர் உண்டு, அதனை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறிவது ஆள்வோரின் கடமை என்பதே அவ்வினாக்களின் உட்பொருள். அந்த ஆராய்ச்சி இன்று நம்மிடம் இல்லை என்பதும், நம் காஞ்சி மாநகரிலேனும் அதனைத் தொடங்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

விதியும் விதிமீறலும்

‘விதி’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் வழங்குகின்றன. ஊழ் என்பது ஒன்று. ஒழுங்குமுறை என்பது மற்றொன்று. சாலையில் ஓர் உயிர் போனால் நாம் முதற்பொருளையே கையாளுகிறோம். ‘அவன் விதி முடிந்தது’ என்று ஆறுதல் கூறிக் கலைகிறோம். உண்மையில் அங்கே நிகழ்ந்தது இரண்டாம் பொருளிலான விதியின் மீறலாகவே பெரும்பாலும் இருக்கும். தடை செய்த திசையில் வந்தவரும், குடித்துவிட்டு ஓட்டியவரும், பள்ளத்தை மூடாமல் விட்டவரும் ஊழின் நிழலில் ஒதுங்கிக்கொள்கின்றனர்.

இறைநம்பிக்கை உடையோர் இவ்வாறு எண்ணுவது இயல்பு என்று சிலர் கூறுவர். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கலாமா என்று வினவிய ஒருவரிடம், முதலில் கட்டு, பின்னர் இறைவனிடம் ஒப்படை என்று நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதாக ஹதீஸ் நூல் கூறுகிறது. வருமுன் காத்தலை வள்ளுவரும் வற்புறுத்துகிறார். முயற்சியைக் கைவிட்டு ஊழைப் பழிப்பதற்கு எந்தச் சமயமும் இடந்தரவில்லை என்பது தெளிவு.

புள்ளி விவரம் கூறுவது

ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 பேர் என்பது இதன் கணக்கு. அடுத்த ஆண்டில் இத்தொகை மேலும் கூடி 1,72,000-ஐத் தாண்டியது. 2022இல் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது தமிழ்நாடு: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடமும் நமக்கே: 17,884 பேர். அதாவது நாள்தோறும் 49 உயிர்கள். ஒரு நகரப் பேருந்து நிறையப் பயணிகளுடன் ஆற்றில் கவிழ்ந்தால் நாடே அழும்; அமைச்சர்கள் விரைவர்; நாளிதழ்கள் முதற்பக்கத்தில் எழுதும். அதே அளவு மக்கள் நாள்தோறும் வெவ்வேறு ஊர்களில் ஒருவர் இருவராக மாளும்போது, செய்தி உள்பக்கத்தில் ஒரு மூலையில் ஒடுங்கிவிடுகிறது.

மாள்பவர் யாவர் என்பதையும் அவ்வறிக்கை காட்டுகிறது. இறந்தோருள் 74,897 பேர், அஃதாவது நூற்றுக்கு 44.5 விழுக்காட்டினர், இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். 32,825 பேர், அஃதாவது 19.5 விழுக்காட்டினர், நடந்து சென்றவர்கள். ஆக, மூவரில் இருவர் நடந்தோ இருசக்கர வாகனத்திலோ சென்ற எளிய மக்கள். வயது நோக்கினால், 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்களே மூன்றில் இரு பங்கு. உலக அளவிலும் ஆண்டுதோறும் 11,90,000 பேர் சாலையில் மாள்கின்றனர் என்றும், 5 முதல் 29 வயது வரையிலான இளையோரின் உயிரைப் பறிக்கும் காரணங்களுள் சாலை விபத்தே முதலிடம் பெறுகிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இலண்டனில் நடந்து சென்ற ஒரு பெண் மோட்டார் வண்டி மோதி இறந்தபோது, விசாரித்த அலுவலர் இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராதிருக்கட்டும் என்று விரும்பினாராம். அவ்விருப்பம் எங்கே, இந்த எண்ணிக்கை எங்கே!

நெசவாளியின் வீட்டில் உழைக்கும் ஒருவர் மாண்டால் தறி நிற்கிறது. கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் கை போனால் மற்றவர் கையும் வெறுங்கைதான். முன்பணம் வாங்கிய கடன் மட்டும் நிற்பதில்லை. ஊர்க்கூடி இரங்கிய பின்னர் அக்குடும்பத்தின் பெண்பிள்ளை படிப்பை விட்டு வேலைக்குச் செல்கிறாள். அமைச்சகத்தின் அறிக்கையில் இத்தகைய இழப்புக்குப் பத்தி இல்லை.

நம் ஊர்த் தெருக்கள்

காஞ்சியின் தெருக்களைப் பற்றிச் சங்க இலக்கியத்திலேயே ஒரு செய்தி உண்டு. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலிய தேர்கள் ஓடி ஓடிக் குழிவிழுந்த நெடிய தெருக்கள் கச்சி நகரில் இருந்தனவாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் குறிப்பிடுகிறார். குழியைப் பொறுத்தவரை நாம் மரபு பிறழாதவர்கள் என்று நகைக்கத் தோன்றுகிறது. ஆனால் அதே நூல், அம்மன்னன் காவல் புரிந்த நாட்டில் வழிச்செல்வோரைத் தாக்கிப் பொருள் பறிக்கும் கொடியோர் இலர் என்றும் பாராட்டுகிறது. வழிப்போக்கனின் உயிருக்கு அரசனே காவல் என்பது அக்கால மதிப்பீடு.

பெரிய காஞ்சிபுரத்தின் ராஜவீதிகள் தேரோடுவதற்காக அமைந்தவை. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளின் தெருக்களோ தறியோடு பிறந்தவை. அங்கே காலை வேளையில் நீளப் பாவு விரித்துப் பதப்படுத்துவர். தெரு என்பது அவர்களுக்குத் தொழிற்கூடத்தின் ஒரு பகுதி. இன்று இதே தெருக்களில் பட்டுக் கடைகளை நாடி வரும் கார்கள், கோயில் காணவரும் சுற்றுலா வேன்கள், ஷேர் ஆட்டோக்கள், பள்ளி வண்டிகள் யாவும் நெருக்குகின்றன. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையிலும் நள்ளிரவிலும் பணிமுறை மாற்றத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகள் உண்டு. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிவரும் டிப்பர் லாரிகள் உண்டு. ஊருக்கு வடக்கே சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. பொன்னேரிக்கரையிலோ வெள்ளைகேட்டிலோ அந்நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பும் வாகனம், நெடுஞ்சாலையின் வேகத்தையும் உடன் கொண்டுவந்து விடுகிறது. 2021இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. தெருவின் அகலம் உயரவில்லை.

இட நெருக்கடியை வெல்லவே இயலாது என்று கூறுவோர் 2019ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அத்திவரதர் வைபவத்துக்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் நம் ஊரில் திரண்டனர். ஊரின் எல்லைகளில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்து வெளியூர் வாகனங்களை அங்கேயே நிறுத்தினர். கூட்ட நெரிசலில் உயிரிழப்பு நேர்ந்தது வருந்தத்தக்கது. அதிலும் கற்க வேண்டிய பாடம் உண்டு. எனினும் வாகனத்தை எல்லையில் நிறுத்தி மக்களை நடக்க விடுவது இவ்வூரில் இயலும் என்பதை அந்த 48 நாள்கள் மெய்ப்பித்தன. விழாவுக்கு இயன்றது, அன்றாடத்துக்கு ஏன் இயலாது?

முட்டுக்கட்டையின் மாண்பு

‘முட்டுக்கட்டை’ என்னும் சொல்லை இன்று நாம் இடையூறு என்னும் பொருளிலேயே ஆளுகிறோம். அச்சொல் பிறந்த இடம் தேரோட்டம். நூற்றுக்கணக்கானோர் வடம்பிடித்து இழுக்கும் பெருந்தேரின் சக்கரத்தடியில் உரிய நேரத்தில் கட்டையைச் செருகித் தேரை நிறுத்துவோரும் திருப்புவோரும் அத்தொழிலில் தேர்ந்தவர்கள். அவர்கள் இன்றி எத்தேரும் தேரடியை விட்டு நகர்வதில்லை. காந்தி சாலைத் தேரடியிலிருந்து ராஜவீதிகள் வரை அத்தனை மக்கள் நடுவே அத்தனை எடை உருண்டு செல்வதற்குக் காரணம் வடத்தின் வலிமை மட்டுமன்று. கட்டையின் காவலும் ஆகும். நிறுத்தும் ஆற்றல் இல்லாத ஓட்டம் ஓட்டம் ஆகாது என்பதைத் தேரோட்டும் ஊருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

2022இல் நேர்ந்த சாலைச் சாவுகளுள் நூற்றுக்கு 71 விழுக்காடு மிகை வேகத்தால் நேர்ந்தவை என்று முற்கூறிய அறிக்கை தெரிவிக்கிறது. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதுவதைவிட 65 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு ஆகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ பதினேழு மீட்டர் கடக்கிறது. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள மூன்று பட்டுச் சேலைகளைத் தெருவில் வரிசையாக விரித்த தூரம் அது. ஒரு குழந்தை குறுக்கே ஓடிவருவதைக் கண்டு கால் பிரேக்கை நாடுவதற்குள்ளேயே அத்தொலைவு கழிந்துவிடும். தறித்தெருக்களிலும் ராஜவீதிகளிலும் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் யாருக்கு எதன்பொருட்டு வேண்டும்? ஊரைக் கடக்க அதனால் மிச்சமாவது சில நிமிடங்களே.

பொருள் பொதிந்த வண்டியைப் பள்ளமும் மேடும் நிறைந்த வழியில் செலுத்தும் உமணர், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்குகிறார். ‘சேம அச்சு’ என்பது அதன் பெயர். உப்பு விற்ற வணிகர்க்கு இருந்த அம்முன்னெச்சரிக்கை, தேய்ந்த டயரோடும் எரியாத பின்விளக்கோடும் இரவில் நெடுஞ்சாலை ஏறும் நமக்கு இல்லாமற் போனது ஏன்?

தலையும் தந்தையும்

2022இல் தலைக்கவசம் அணியாமையால் மாண்டோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கித் தமிழ்நாட்டில் 2007லும், சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் 2015லும் நடவடிக்கைகள் எழுந்தன. 2022 அக்டோபரில் அபராதம் ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. ஆயினும் போலீசார் நிற்கும் முனையில் அணிந்து, அடுத்த முனையில் கழற்றும் வழக்கம் தொடர்கிறது. கடைத்தெரு வரைதானே என்பது ஒரு சாக்கு. வெயில் என்பது மற்றொன்று. ஒரு பட்டுச் சேலையை மடிப்புக் குலையாமல் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் காக்கும் ஊரார் நாம். தலைக்கு அவ்வளவு காப்புக்கூட வேண்டாவா?

சேலையைக் கூறும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. இருசக்கர வாகனத்தின் பின்சக்கரத்தில் ஆடை சிக்காதவாறு மறைப்பு ஒன்று இருத்தல் வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் ஒன்று. சேலை கார்டு என்று கடைகளில் வழங்குவது இதுவே. அழகுக்காக அதனைக் கழற்றி எறியும் இளைஞர்களைப் பார்க்கிறோம். அவ்வண்டியின் பின்னால் நாளை அமரப் போவது தாயோ தங்கையோ ஆவர். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் புர்காவின் ஓரமும் சக்கரத்துக்கு வேறுபாடு அறியாதவை.

மனுநீதிச் சோழன் கதையில் தந்தை மகனை விசாரித்தான். இன்றைய சட்டமோ மகன் பொருட்டுத் தந்தையை விசாரிக்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவின்படி, 18 வயது நிரம்பாத சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். சிறுவனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. பத்தாம் வகுப்பில் தேறியதற்குப் பரிசாக வண்டிச் சாவியைக் கொடுக்கும் தந்தையர் இதனை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

சாலையை அமைத்தவர் பொறுப்பு

ஓட்டுபவரையும் நடப்பவரையும் மட்டும் இடித்துரைத்து நிறுத்திக்கொள்வது முறையன்று. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில் இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் பொறியாளர் ஒருவர் மேல், அனுமதியின்றிச் சாலை நடுவே வைத்த பதாகை ஒன்று சரிந்தது. நிலைகுலைந்து விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார். விதியை மதித்தவர் பிறர் விதிமீறியதால் மாண்டார். உயர்நீதிமன்றம் கடிந்துரைத்தது, அரசியற் கட்சிகள் பதாகை வைக்க வேண்டா என்று தொண்டர்க்கு அறிவித்தன. அந்த ஒரு சாவு மட்டும் ஆராய்ச்சி மணியை அசைத்தது. மற்ற ஆயிரமாயிரம் சாவுகளுக்கு மணி எங்கே தொங்குகிறது?

பாதையில் கிடக்கும் இடர்தரும் பொருளை அகற்றுதல் இறைநம்பிக்கையின் கிளைகளுள் ஒன்று என்பது நபிமொழி. பாதைக்குத் தொல்லை தராதிருப்பது அப்பாதைக்கு நாம் செலுத்த வேண்டிய உரிமை என்பதும் அவர் வாக்கு. கலீஃபா உமர் அவர்கள், தொலைவான ஈராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும் அதற்கேன் பாதையைச் செம்மைப்படுத்தவில்லை என்று தம்மை இறைவன் வினவுவான் என அஞ்சியதாக ஒரு செய்தி வழங்குகிறது. திருவாரூர்க் கன்றும் ஈராக்கின் கோவேறு கழுதையும் ஓரறத்தையே பேசுகின்றன.

இந்த அறம் இப்போது சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 198அ பிரிவு, சாலையை வடிவமைத்தலிலும் அமைத்தலிலும் பராமரித்தலிலும் உரிய தரங்களைப் பின்பற்றாமையால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்புடைய அதிகாரியோ ஒப்பந்தக்காரரோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் செலுத்த வேண்டும் என்கிறது. தொகை சிறிதே. ஆயினும் சாலை போட்டவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கக்கூடும் என்னும் கொள்கை பெரிது. குழியில் விழுந்து ஒருவர் இறந்தால், ‘கவனக்குறைவாக ஓட்டினார்’ என்று மாண்டவர் மேலேயே பழியை எழுதி முடிக்கும் வழக்கத்துக்கு இப்பிரிவு ஒரு மறுமொழி. இறந்தவர் மறுத்துப் பேச வரப்போவதில்லை என்னும் துணிவே அத்தகைய எழுத்துக்குக் காரணம்.

கழுவாய் போதாது

அமைச்சன் சொன்ன கழுவாயை மன்னன் ஏற்கவில்லை என்று முன்னர்க் கண்டோம். இக்காலக் கழுவாய் நிவாரணத் தொகை. அது வேண்டியதே, தவித்து நிற்கும் குடும்பத்துக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். ஆனால் தொகையை வழங்கியதும் கோப்பு மூடப்படுவதுதான் தவறு. அடுத்த திங்களில் அதே திருப்பத்தில் மற்றொரு குடும்பத்துக்குத் தொகை வழங்க நேர்கிறது.

காயமுற்றவரைக் காப்பதில் தமிழ்நாடு எடுத்த முயற்சிகள் பாராட்டுக்குரியவை. 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஊர்தி வந்தது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தால், தமிழ்நாட்டுச் சாலையில் காயமுற்றவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. விபத்துக்குள்ளானவரைத் தூக்கிச் செல்பவரைப் போலீசார் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று சட்ட வலிமை அளித்தது. 134அ பிரிவாக அது பின்னர்ச் சட்டத்திலும் ஏறியது. உதவுபவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே, போலீஸ் வழக்கு என்று அஞ்சி ஒதுங்கி நின்று கைப்பேசியில் படம் எடுப்பதற்கு இனி எவ்வகைச் சமாதானமும் கிடையாது. இவையெல்லாம் விழுந்த பின் காப்பவை. விழாமற் காப்பதே நம் முன்னுள்ள கேள்வி.

ஒவ்வொன்றாக ஆராய்தல்

இது நடவாத கனவு அன்று. சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997இல் ஒரு கொள்கையை ஏற்றது. சாலையில் ஓர் உயிரும் போதல் கூடாது. மனிதர் தவறுவது இயல்பு. அத்தவறு சாவில் முடியாதவாறு சாலையை அமைப்பது அமைப்பவரின் பொறுப்பு என்பது அதன் சாரம். எதிரெதிர்த் திசைகளைப் பிரிக்கும் தடுப்புகள், ஊர்களுக்குள் குறைந்த வேகம் ஆகியவற்றால் அந்நாட்டில் ஆண்டுக்கு ஐந்நூறுக்கு மேல் இருந்த சாவு, பாதிக்கும் கீழே இறங்கியது. குளிர்நாட்டுச் செல்வர்க்கு இயலும், நமக்கு இயலுமா என்பீர்களாயின், மும்பை – புனே விரைவுச் சாலையைப் பாருங்கள். அங்கே சேவ்லைஃப் அறக்கட்டளை, அரசுத் துறைகளோடு இணைந்து ஒவ்வொரு விபத்தின் களத்தையும் ஆராய்ந்து காரணங்களைக் களைந்தது. 2016இல் 151 ஆக இருந்த சாவு 2020இல் 66 ஆகக் குறைந்தது. அவ்வாண்டுப் பெருந்தொற்று ஊரடங்கும் ஒரு காரணமாகலாம். எனினும் அதற்கு முந்தைய ஆண்டிலேயே இறக்கம் தெளிவாகத் தெரிந்தது.

கருவியும் நம்மிடம் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில் காவல்துறையினர் விபத்துகளைக் களத்திலிருந்தே பதிவு செய்கின்றனர். மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. மனுநீதி நாள் என்ற பெயரிலேயே ஆட்சியர்கள் மக்கள் குறைகேட்கும் முகாம் நடத்துகின்றனர். பெயரில் இருக்கும் மனுநீதி, பணியிலும் இறங்க வேண்டும்.

இதற்கு நம் மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் எனப் பகுத்துக் கூறுகிறது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்றும் விதிக்கிறது. ஏரிக்கு வாரியம் கண்ட மண், சாலைக்கு ஒரு வாரியம் காணலாகாதா? கீழ்வருவனவற்றைக் காஞ்சி மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் கருதிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மாநகர எல்லைக்குள் நேரும் ஒவ்வொரு சாலைச் சாவுக்கும் ஏழு நாள்களுக்குள் காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், மாநகராட்சி ஆகியவை ஒன்றாகக் களத்துக்குச் சென்று ஆராய வேண்டும். கண்டறிந்த காரணத்தையும் அதனைக் களையும் நாளையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அந்நாள் கடந்தும் களையாவிடில் விளக்கம் தரக் கடமைப்பட்டவர் பெயரையும் அதில் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, ராஜவீதிகளிலும் தறித்தெருக்களிலும் பள்ளிகளின் அருகிலும் 30 கிலோமீட்டர் வேக வரம்பு விதித்து, அதனைப் பலகையோடு நிறுத்தாமல் தெரு அமைப்பாலேயே செயற்படுத்த வேண்டும். டிப்பர் லாரிகள் பள்ளி நேரத்தில் ஊருக்குள் நுழைவதைத் தடுக்க வேண்டும்.

மூன்றாவது, நடைபாதையை நடப்பவர்க்கு மீட்டளிக்க வேண்டும். சாலையோர வணிகரும் நம் மக்களே. அவர்களுக்கு மாற்றிடம் தந்தபின் மீட்பதே முறை. பெருங்கடைகள் தத்தம் வாடிக்கையாளரின் வண்டிகளைச் சாலையில் நிறுத்தவிடாமல் தம் இடத்தில் ஏற்பாடு செய்வது அவர்தம் கடமை.

நான்காவது, கல்லூரிகளும் மேனிலைப் பள்ளிகளும் உரிமமும் தலைக்கவசமும் இல்லாத வண்டியைத் தம் வாயிலுக்குள் விடலாகாது. ஒவ்வொரு துறையிலும் சில மாணவர்க்கேனும் முதலுதவிப் பயிற்சி அளிக்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுவதோடு, விபத்து மிகும் முனைகளைக் கணக்கெடுக்கும் பணியையும் சேர்க்கலாம்.

கட்டுப்பாடு வணிகத்தைக் கெடுக்கும் என்று சிலர் எதிர்ப்பர். குழந்தையோடு அச்சமின்றி நடக்கக்கூடிய தெருவில் பட்டு வாங்க வருவோர் கூடுவரே அன்றிக் குறையார். மக்கள் திருந்தாமல் சட்டத்தால் என்ன பயன் என்று வேறு சிலர் கூறுவர். சட்டமும் சாலையமைப்பும் கல்வியும் கோர்வைச் சேலையின் மூன்று நாடாக்களைப் போல்வன. உடலை ஒருவரும் கரையை ஒருவரும் தனித்தனியே நெய்து, பின்னர்ச் சேர்த்துத் தைத்தால் அது கோர்வை ஆகாது. ஓர் இழை அறுந்தால் நெசவாளி அதனை ஊழ் என்று விட்டுவிடுவதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி, முடிச்சிட்ட பின்னரே அடுத்த ஊடையைச் செலுத்துகிறார். அந்தக் கவனம் இவ்வூரின் கைகளில் தலைமுறை தலைமுறையாக உண்டு. அதனைத் தெருவுக்கும் கொண்டுவருவதே நாம் வேண்டுவது.

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! நீங்கள் பயிலும் இலக்கியத்தில் வாயில்லாப் பசு தன் கன்றுக்காக மணியடித்தது. வாயுள்ள நாம் நம் பிள்ளைகளுக்காக வாளாவிருக்கிறோம். உங்கள் தெருவில் ஓர் உயிர் போனால், ‘விதி’ என்று கூறுவோரிடம் எந்த விதி மீறப்பட்டது, யாரால் மீறப்பட்டது என்று பணிவோடு வினவுங்கள். மனு எழுதுங்கள், மறுமொழி வராவிடில் மீண்டும் எழுதுங்கள். அதற்கு முன், இன்று மாலை வீடு திரும்பும்போது தலைக்கவசத்தை அணிந்து, அதன் வாரையும் இறுகப் பூட்டிக்கொள்ளுங்கள்.